சிவப்புக் கயிறு கட்டின வீசைக்கல்

"இந்த சயின்ஸ் வாத்தியாரை இன்னைக்கே வேலையை வுட்டு அனுப்புங்க சார். இல்லேன்னா கமிட்டியில பேசி நானே அனுப்பறேன்!"

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் முதலாளி பெரியதம்பி மேஜையைத் தட்டியதில் மைக்கூடு ஒரு முறை குதித்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். அது தலைமையாசிரியர் சீனுவாசனுக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம் ஆகி, எதிரே நின்றுகொண்டிருந்த துரைக்கண்ணு வாத்தியாருக்கும் தெரியும்.

"என்ன நடந்துச்சுங்க?"

"ஏழாவது படிக்கிற எம் பொண்ணு அம்மணிக்குப் பாடத்தை மனப்பாடம் பண்ண வைக்காம, எதையும் நம்பாதேன்னு சொல்லிக் குடுத்துக்கினு இருக்காரு."

"சோதிக்காம நம்பாதேன்னு சொன்னேங்க," என்றார் துரைக்கண்ணு. "புஸ்தகத்துல இருந்தாலும் சரி, நானே சொன்னாலும் சரி, கையால செஞ்சு பாத்துட்டு நம்புன்னேன்."

"செஞ்சுதான் பாத்துட்டாளே! சந்தை நாளு, அத்தினி குடியானவங்க எதிர்ல, மண்டியில எடை போடற வீசைக்கல்லு ரெண்டையும் எடுத்தா. சிவப்புக் கயிறு கட்டினது வாங்கறதுக்கு, கயிறு இல்லாத மொட்டைக்கல்லு விக்கறதுக்கு. உலக்கையை நடுவுல கட்டித் தொங்கவுட்டு, இந்த முனையில ஒண்ணு அந்த முனையில ஒண்ணு மாட்டிட்டா சார்!"

சீனுவாசன் சிரிப்பை மூக்குப்பொடியோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டார். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்றால் என்ன அர்த்தம் என்று கடைத்தெருவில் யாருக்குத்தான் தெரியாது?

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்! இனிமே வாரா வாரம் மாட்டிக் காட்டுவாளாம். ஒரே பேஜாரு!"

சீனுவாசன் காகிதத்தில் '1938 டிசம்பர்' என்று தேதி போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சரிங்க. வாத்தியார் மேல குத்தம் என்னன்னு எழுதறது?"

பெரியதம்பி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாத்தியார் பக்கம் பாய்ந்தார். "நீ எந்த ஊருய்யா? இந்த புத்தியெல்லாம் எங்க கத்துக்கினே?"

"விழுப்புரமுங்க. அப்பா கொல்லுப்பட்டறை வச்சிருந்தாரு, மாரியப்பன் ஆசாரி. நிறுத்துப் பாக்காம ஒரு சாமானை வெளிய அனுப்ப மாட்டாரு. எனக்கு சயின்ஸ் வாத்தியாரு அவருதாங்க."

பெரியதம்பி, "ஒண்ணும் எழுத வேணாம் சார்," என்று சொல்லிவிட்டு, வாத்தியாரைக் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணைக் கனமா, ஒண்ணை லேசா செஞ்சு குடுன்னு ரெட்டைக் கூலி குடுத்தேன்யா உங்கப்பனுக்கு! அந்த உலக்கை இந்தப் பக்கமும் சாயல, அந்தப் பக்கமும் சாயல. இப்ப ஊரே என்னைக் கும்புடுது, கல்லை மாத்தவும் வழியில்லே. அஞ்சு வருஷமா என்னை யோக்கியனாவே யாவாரம் பண்ண வச்சிட்டான்யா அந்த ஆளு!"