நேற்றுக் கொடுத்த துணி

"என் துணியை எங்கே தொலைச்சீங்க சிஸ்டர்?" என்று அவள் இன்றும் கேட்டாள்.

நர்ஸ் இன்றும் அதே பதிலைத்தான் சொன்னாள். சலவையில் எங்காவது மாறிப் போயிருக்கும், வேறு துணி கொடும்மா. சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நர்ஸுக்கு அங்கிருந்த அம்மாக்கள் வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. பெயருக்கு ஒரு குறையும் வைக்காத முகம்.

விஷயம் இதுதான். குறைமாதத்தில் பிறந்த அவள் பிள்ளை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பெற்றவள் நினைத்த நேரத்துக்கு உள்ளே போக முடியாது. அதனால் ஒரு சின்னப் பருத்தித் துணியை நெஞ்சோடு வைத்திருந்து காலையில் கொடுக்க வேண்டும். அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பார்கள். அம்மா வாசனை இருந்தால் அழாமல் தூங்குமாம். மறுநாள் புதுசு வைத்ததும் பழசு திரும்பி வர வேண்டும். வருவதே இல்லை.

துணிதானே, போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். பயம் அதில் இல்லை. பழசைத் தொலைக்கிறவள் புதுசை மட்டும் ஒழுங்காக வைக்கிறாளா? வாசனை தெரியாமல் வளர்கிற பிள்ளை பெற்றவளையே மறந்துவிட்டால்?

பச்சை உடம்புக்காரி, பெஞ்சுக்கும் கதவுக்குமாகக் கால் தேய நடந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் முள்மேல் படுத்த மாதிரி இருந்தது.

துணைக்கு வந்திருந்த அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். "கடவுள் தாய்க்கெல்லாம் தாய்டி. பிள்ளையை அவர் மடியில போட்டுட்டுக் கொஞ்சம் கண்ணை மூடு."

"மடி எங்கே இருக்குன்னு காட்டு, போடறேன். எனக்குத் தெரிஞ்சு என் பிள்ளை அந்தச் சிடுமூஞ்சி கையிலதான் இருக்கு."

மத்தியானம் தரை துடைக்க வந்த ஆயா, கதவைத் திறந்து வைத்துவிட்டு வாளி எடுக்கப் போனாள். இது போதாதா? இவள் சட்டென்று உள்ளே புகுந்துவிட்டாள்.

பிள்ளையின் தலைமாட்டில் இன்றைய துணி இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. ஆனால் பக்கத்துப் பெட்டியில்? அவளே பச்சை நூலால் ஓரம் தைத்த துணி, நேற்றுக் கொடுத்தது. யார் பெற்ற பிள்ளையோ, அதில் கன்னத்தை வைத்துச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பினால் சிடுமூஞ்சி நிற்கிறாள்.

"இத்தனை நாளும் பொய்யா சொன்னீங்க? பெரிய டாக்டர்கிட்டயே போறேன்."

"அவரைக் கேட்டுட்டுத்தான் வச்சேன். உன்னைத்தான் கேட்கல. அது என் தப்பு."

"ஏன், இதோட அம்மாவுக்கு ஒரு துணி கொடுக்க வக்கில்லையா?"

நர்ஸ் அந்தப் பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாள். "பெத்த அன்னைக்கே இறந்து போயிட்டாம்மா. 'கடவுள் பார்த்துப்பார் சிஸ்டர்'னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனா. பிள்ளை கத்து கத்துன்னு கத்துச்சு. என் துணியை வச்சேன், மருந்து வாசனை போல, அடங்கல. உன்னோடதை வச்சதும் அடங்கிடுச்சு. நீயே தூக்கமில்லாம அலையறே. உன் தலையில இன்னொரு பிள்ளையையும் கட்ட வேணாமேன்னுதான் சொல்லல."

அவள் அந்தப் பச்சை நூல் ஓரத்தையே பார்த்தாள். யாரோ ஒருத்தி பிள்ளையைக் கடவுளிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கடவுளும் கைவிடவில்லை, இவளுக்கே தெரியாமல் இவள் துணியை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாயில்லாத பிள்ளைக்கே இப்படி என்றால், தன் பிள்ளையை மட்டும் கீழே விட்டுவிடுவாரா?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு துணி இருந்தா கொடுங்க சிஸ்டர். நாளையிலேர்ந்து ரெண்டாக் கொடுத்துடறேன்."

கொஞ்ச நேரம் கழித்து அக்கா சாப்பாட்டோடு வந்தபோது, அவள் பெஞ்சில் சுருண்டு கிடந்தாள், நெஞ்சில் இரண்டு துணிகளோடு. சாப்பாடு ஆறிவிடுமே என்று அக்கா தோளைத் தொடப் போனாள். பின்னாலிருந்து சிடுமூஞ்சி அதட்டினாள்.

"எழுப்பாதீங்க. மூணு பேரும் இப்பதான் ஒண்ணாத் தூங்கறாங்க."