ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என் மகள்.

அது அவளுக்கும் லிஃப்டுக்கும்தான் தெரியும். நான் கீழே வாட்ச்மேன் மேஜையில் அவருடைய டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவசர அழைப்புப் பெட்டி கரகரத்தது. “யாராவது வாங்களேன்” என்றது ஒரு குரல்.

நான்கு வருடமாகக் கேட்காத குரல். அவள் தும்மினால்கூட எனக்கு அடையாளம் தெரியும்.

அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் கிடையாது. என்னைக் கேட்காமல் அவளே பார்த்துக்கொண்டாள் என்பதுதான் குறை. அன்றைக்கு முழுக்க மொட்டைமாடியில் உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரை ரிப்பேர் செய்தேன். சாயங்காலம் அது நின்றேவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூக்கும் பிடிவாதமும் அவளுக்கு என்னுடையவை.

இந்த லிஃப்டை முப்பத்தொரு வருடமாகப் பராமரிக்கிறேன். ஒருமுறை ஒரு பியானோவைத் தூக்கிக்கொண்டு தானாகவே எட்டாவது மாடிக்குப் போய், யாராவது அதை வாசிக்கும்வரை கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்றது. நம்பாதவர்கள் வாட்ச்மேனைக் கேட்கலாம். அவர் அன்றைக்கு லீவு.

அதனால் கோளாறு என்ன என்பது எனக்குக் கீழேயே தெரிந்துவிட்டது. ஆறாவது மாடிக் கதவின் மின் இணைப்பில் தூசி. துடைத்தால் தீர்ந்தது. மூன்று நிமிஷ வேலை. படியேறி மூச்சு வாங்குகிற நேரம் தனி.

ஆறாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். முழங்கால் ஆழத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரை. அதிலிருந்த மூடியைத் தூக்கி, கருவிப் பையை இறக்கி, பின்னால் நானும் இறங்கினேன். அறுபத்தெட்டு வயதில் ‘இறங்கினேன்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தேன்.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் மாவுக்கட்டு. எட்டாவது மாடி எலும்பு டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறாள்.

லிஃப்ட் மெக்கானிக் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே லிஃப்ட் என்றால் நடுக்கம். பத்து மாடியானாலும் படிதான். இன்றைக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள்.

“நீங்களா?” என்றாள். பிறகு அழுதாள். பிறகு, என் மகள் அல்லவா, குறுக்கு விசாரணையை ஆரம்பித்தாள்.

“இதை வெளியில இருந்தே சரி பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணியிருக்கலாம்.”

“அப்புறம் எதுக்கு இந்த வயசுல உள்ள குதிச்சீங்க?”

“நீ ‘வாங்க’ன்னுதானேம்மா கூப்பிட்ட. ‘சரி பண்ணுங்க’ன்னு சொல்லலியே.”

எங்கள் சபைப் போதகர் வருடத்துக்கு நான்கு தடவையாவது கேட்பார்: பரலோகத்தில் இருந்தபடியே ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகியிருக்குமே, கடவுள் எதற்காக மனிதனாய் இறங்கி வந்தார்? பதிலுக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வார். நான் நடுவில் தூங்கிவிடுவேன். பதில் தெரியாமலே இத்தனை காலம் ஓடிவிட்டது.

கடவுளோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் போய்ப் போதகரிடம் வத்தி வைக்க வேண்டாம். சொந்த மகள் கல்யாணத்துக்குப் போகாமல் மொட்டைமாடியில் உட்காருகிறவர் அல்ல கடவுள். ஆனால் கூப்பிடுகிற குரல் தன் பிள்ளையுடையது என்றால், எங்கிருந்து சரிசெய்வது சௌகரியம் என்று யாராவது யோசிப்பார்களா? அவரும் யோசித்திருக்க மாட்டார். நாற்பது நிமிஷப் பிரசங்கம் எனக்கு அந்தப் பெட்டிக்குள் விளங்கிவிட்டது.

பொத்தான் பலகையிலிருந்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். அதையே மாட்டினேன். மறுபடியும் கழற்றினேன். கல்யாணத்துக்கு வராதது என் தப்புதான் என்று, நடுவில் ஒரு ஸ்க்ரூவிடம் சொன்னேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கால் எப்படி உடைந்தது என்று சொன்னாள். புது வீட்டைப் பற்றிச் சொன்னாள். “அவரும் உங்களை மாதிரிதான்ப்பா. ஓடுற மிக்ஸியைக் கழட்டி நிறுத்திட்டுத்தான் மறுவேலை.”

மாப்பிள்ளை மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

ஐம்பது நிமிஷம் கழித்து, பெட்டியின் கைப்பிடிக் கம்பியில் கால் வைத்து மேலே ஏறி வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். லிஃப்ட் சமர்த்தாகக் கிளம்பிப் போயிற்று.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தத் தூசியை, உள்ளே இறங்குவதற்கு முன்பே துடைத்துவிட்டேன். லிஃப்ட் அப்போதே சரி. பெட்டியின் கூரையில் மெக்கானிக்குகளுக்கென்று ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அழுத்தினால் லிஃப்ட் நகராது, இழுத்துவிட்டால் ஓடும். அதை அழுத்திவிட்டுத்தான் இறங்கினேன். இழுத்துவிடத்தான் ஏறினேன்.

இரண்டு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, மகள் எட்டாவது மாடிச் சுவரில் சாய்ந்து எனக்காக நின்றிருந்தாள்.

“எங்க வீடு மூணாவது மாடிப்பா. லிஃப்ட் கிடையாது, படிதான்” என்றாள். “நீங்க மேல ‘டக்’னு அமுக்கினதெல்லாம் எனக்கு அப்பவே கேட்டுச்சு. எங்க வீட்டுல அமுக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது. சும்மாவே வந்து, எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க.”