முப்பத்திரண்டு ஜிபி

"இருக்கறதுலயே பெரிய பென்டிரைவா குடும்மா," என்றான் காவோ. ஷென்சென் சந்தையில் மூட்டை இறக்குகிறவன். பக்கத்தில் அவன் மனைவி வாய் திறக்காமல் நின்றாள்.

கடைக்காரி சுவோ யான் ஒன்றை நீட்டினாள். "ஆயிரம் ஜிபி, நாப்பதே யுவான். அண்ணி ஏன் உம்முன்னு இருக்காங்க, சண்டையா?"

"தொண்டைல ஆபரேஷன். இனிமே பேச்சு வராது. முன்னாடி பேசினதெல்லாம் போன்ல இருக்கு. அந்தப் போனும் இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு."

சுவோ யான் கொடுத்ததைச் சட்டென்று திரும்ப வாங்கிக்கொண்டாள். "இத எடுத்துக்குங்க. முப்பத்திரண்டு ஜிபி. இதுவும் நாப்பதுதான்."

"சின்னதுக்கும் அதே விலையா? மூட்ட தூக்கறவன்னா எளக்காரமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, அதுல ஆயிரம்னு எழுத்துதான் இருக்கு. கொஞ்சம் நெறஞ்சதும் மிச்சத்த முழுங்கிடும். இந்த வரிசைல எல்லாரும் அததான் விக்கிறோம். இது நெசமானது."

காவோ போனை எடுத்து நீட்டினான். அவளே போனிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி, சரிபார்க்க பென்டிரைவிலிருந்து ஒரு பதிவை ஓடவிட்டாள். அவன் மனைவியின் பழைய குரல் கணீரென்று ஒலித்தது.

"சேத்துக் காலோட உள்ள வராதய்யான்னு எத்தன தடவ சொல்றது?"

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவோவின் மனைவி சிரித்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட கைமொழியில், சுவோ யானை நோக்கிக் கட்டைவிரலை இரண்டு முறை மடக்கினாள்.

"நன்றிங்கறா," என்றான் காவோ. "நானுந்தாம்மா."