கூட்டாளி சொன்னால் சரி

கண்ணிவெடி தேடி முடித்த நிலத்தில், தேடிய குழுவில் ஒருவர் முதலில் நடந்து காட்ட வேண்டும். அதன் பிறகுதான் விவசாயிகள் கால் வைப்பார்கள். இன்று அவள் முறை. வேலியோரத்தில் கணவன் வழிமறித்தான்.

"உன் கூட்டாளி ஒண்ணும் இல்லைன்னுட்டா, உடனே இறங்கிடுவியா?"

"அவ ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லைங்க."

"பகலெல்லாம் தூங்கி வழியறவ. ஏதாவது ஒரு மூலையை விட்டிருந்தா?"

"விடமாட்டா."

"அவளே குறுக்கும் நெடுக்கும் நடந்தான்னு சொல்லாதே. அவ இருக்கிற எடைக்கு எதுவும் வெடிக்காது. நீ அப்படியா?"

"என் எடையைப் பத்தி வீட்டுல பேசிக்கலாம். வழியை விடுங்க."

இருந்தால் இருக்கு, இல்லையென்றால் இல்லை என்று பூசி மெழுகாமல் அவளிடம் சொன்னது அந்தக் கூட்டாளி ஒருத்திதான். கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியைத் தாண்டினாள். நடுவயலில் நின்று இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தாள். மண் பேசாமல் கிடந்தது.

எதிர்க்கரையில் காத்திருந்த விவசாயி கேட்டார்: "தேடின பொண்ணு எங்கம்மா? அவளையும் பார்த்துட்டா தைரியமா இறங்குவோம்."

அவள் கூடையின் மூடியைத் திறந்தாள். பூனை அளவு எலி ஒன்று, வாழைப்பழத் துண்டைக் கொறித்தபடி மூக்கை நீட்டியது.

"எலி மோப்பத்தை நம்பியா உசிரைப் பணயம் வச்சே?" விவசாயி பின்வாங்கினார்.

"ஆமாங்க" என்றாள். பிறகு, வேலிக்கு அப்பால் நின்ற கணவனுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இறங்கி வாங்க. என் காலடியைப் பார்த்து நடக்க வேண்டாம். உங்களுக்கு எங்கே இஷ்டமோ அங்கே மிதிச்சு வாங்க."