பீன்ஸுக்குப் பக்கத்தில் வெங்காயம்

"பாருங்க டிரைவர் சார், இதுவும் போச்சு!"

பக்கத்து வீட்டம்மா மதில்மேல் ஒரு பீன்ஸ் கொடியை வைத்தார். இலையெல்லாம் வெளுத்து, ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல், பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

டிரைவர் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, அந்தக் கொடியைக் கெடுத்ததே அவர்தான்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்று ஆறு வருஷம், மனைவி போய் நாலு வருஷம். ஐம்பது பேர் சத்தத்துக்கு நடுவில் காலம் தள்ளிய மனிதருக்கு, இப்போது பேச்சுத்துணை காலையில் மதிலோரத்தில் கிடைக்கும் இந்தப் பத்து நிமிஷம்தான். அதை விட்டால் மறுநாள் வரை வாய்க்குச் சாப்பிடுவது ஒன்றே வேலை.

அந்தம்மா தனியாகக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆரம்பத்தில் டிரைவர் நல்ல யோசனையாகத்தான் சொன்னார். தக்காளிக்குப் பக்கத்தில் சாமந்தி வைத்தால் பூச்சி அண்டாது என்றார். தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சந்தேகம் கேட்க ஒன்றுமில்லாமல் போனதால், பதினோரு நாள் அந்தம்மா மதில் பக்கமே வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் டிரைவரே எட்டிப் பார்த்து, "பீன்ஸ் பக்கத்துல வெங்காயம் நட்டுப் பாருங்களேன்" என்றார். இரண்டுக்கும் ஆகவே ஆகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் தக்காளிக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு. அதிலிருந்து செடிகள் ஒவ்வொன்றாக வாடின, தினம் ஒரு கேள்வி வந்தது. டிரைவருக்குப் பேசுகிற வரை சந்தோஷம், வீட்டுக்குள் போனால் உறுத்தல்.

"ஏன் சார் இப்படி ஆகுது? தண்ணி கூடிப்போச்சா?" கேட்டுக்கொண்டே அந்தம்மா, மதிலோரத் தக்காளியின் கணுவில் முளைத்திருந்த வேண்டாத தளிரைப் பார்க்காமலே நகத்தால் கிள்ளிப் போட்டார்.

"இருக்கலாம்... இருக்கலாம்..." டிரைவர் மென்று விழுங்கினார்.

"பையன் போன் பண்ணான். ஒரு பீன்ஸ்கூட விளையாத மண்ணைக் கட்டிக்கிட்டு ஏம்மா தனியா கிடக்குறே, இங்க வந்துடுங்கறான். ஞாயித்துக்கிழமை வண்டியோட வரானாம்."

டிரைவருக்குப் பகீரென்றது. பேச்சுத்துணைக்காகச் செய்த தந்திரம் அந்தத் துணையையே வீட்டைக் காலி செய்ய வைக்கப் போகிறது. பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குவதை நினைத்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்தம்மா இனி முகத்தில் விழிக்க மாட்டார்தான். இருந்தாலும் சொல்லிவிட்டார்.

"அம்மா, மண்ணுலயும் குத்தமில்ல, உங்க கையிலயும் குத்தமில்ல. வெங்காயம் இருந்தா பீன்ஸ் வராது. தெரிஞ்சேதான் நடச் சொன்னேன். செடி நல்லா வந்துட்டா நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்களேன்னு... புத்தி கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் பிடுங்கி மாத்தி நடுங்க. இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். செடிக்காகப் போயிடாதீங்க."

தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டு விழவில்லை.

"பையன்கிட்ட வரலைன்னு அப்பவே சொல்லிட்டேன்" என்றார் அந்தம்மா. "பீன்ஸ் கடையில கிடைக்குது சார். கேக்க ஒண்ணுமில்லாம உங்க முன்னால எப்படி வந்து நிக்கிறது?"

டிரைவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"விவசாயக் காலேஜ்ல இருபத்தாறு வருஷம் நான் நடத்தினதே, எதுக்குப் பக்கத்துல எது ஆகாதுங்கற இந்தப் பாடத்தைத்தான்!"