மெத்தை காயும் மேட்டு வீடு

தொமிகோ அக்கா தன் சின்ன டிராக்டரின் பின்சக்கரக் காற்றைப் பாதி இறக்கிவிட்டு, பனியில் மண்டியிட்டு, வழுக்காமலிருக்க அதன்மேல் சங்கிலியைப் போர்த்துகிறாள். நான் காற்றடிக்கும் பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காலை வெயில் இரும்பில் பட்டுக் கண் கூசுகிறது. நகராட்சியின் பனி அள்ளும் வண்டி பாலத்தோடு திரும்பிவிடும். இன்று மேட்டிலிருக்கும் தன் வீடு வரை அவளே வழி திறக்காவிட்டால், குளிர்காலம் முழுக்கக் கீழே ஊர்ப் பொது விடுதியில்தான் அவள் தங்க வேண்டும். “ஒத்த வீட்டுக்கு இவ்வளவு வீம்பா அக்கா? விடுதியில வெந்நீர்த் தொட்டியே இருக்கு,” என்கிறார் வட்டாரத் தலைவர் நுமாதா. “அப்ப நீங்க போய்க் குளிங்க, தலைவரே.” கொக்கியை மாட்டிவிட்டு அவள் தலையசைக்க, நான் காற்றடிக்கிறேன். சக்கரம் உப்ப உப்பச் சங்கிலி விறைக்கிறது. போதுமா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. டிராக்டர் பனியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. பாதி மேட்டில் வழுக்குகிறது. “சொன்னேன்ல!” என்கிறார் தலைவர். அவள் இறங்கி, தளர்ந்த கண்ணியை இறுக்கி, திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்காருகிறாள். சங்கிலி பனிக்கட்டியைக் கடிக்கும் சத்தம் மேலே போய் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மேட்டு வீட்டின் மாடிச் சன்னல் திறக்கிறது. அக்கா தன் படுக்கை மெத்தையை வெயிலில் காய வெளியே தொங்கவிட்டு, எங்களைப் பார்த்தபடியே தூசி போகப் படபடவென்று அடிக்கிறாள்.