விளையாட்டாகக் கேட்டது

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் ஆலைக்காக எல்லைக்கல் ஊன்ற வந்த அதிகாரியிடம், "ஊர்ல யார்கிட்டயும் கருத்தே கேக்கலையே சார்?" என்றேன்.

"மூணு வருஷமா கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கோம்" என்று டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். திரையில், நான் தினமும் கைப்பேசியில் விளையாடும் 'வனமும் உலையும்'. அதில் நான் உலை நாட்டு ராணி. காட்டைப் பதினோரு முறை கொளுத்தியிருந்தேன்.

"அது விளையாட்டு சார்!"

"நேரா கேட்டா எல்லாரும் ஏரிதான் வேணும்பீங்க. அதான் விளையாட்டா கேட்டோம்."

"நீயா சுகுணா?" என்றார் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த என் கணவர். "செடிக்குத் தண்ணி ஊத்தாம காப்பிகூட குடிக்க மாட்டியே!"

அவரிடம் எப்படிச் சொல்வேன்? வனத்தின் பக்கம் சேர்ந்தால் பெண்களுக்கு, அடிபட்டு வரும் வீரர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலைதான். உலை நாட்டில் ஒருவர்கூட என்னிடம் சாப்பாடு கேட்டதில்லை. மரங்கள் எரிவதைப் பார்த்தபடி நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மேல்முறையீடு உண்டாம். தொண்ணூறு நாள் வனத்தின் பக்கம் நின்று விளையாடினால் என் கருத்தை மாற்றிப் பதிந்துகொள்வார்கள்.

இன்று முதல் நாள். முப்பது வீரர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். விரும்பிச் செய்கிறேனா என்பதையும் அந்த விளையாட்டு கவனிக்கிறதாம்.